பண்ணையாட்கள் தேவை

1

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் காற்றாலைகள் தெரியும். வட ஜெர்மனியின் கடலோரச் சமவெளி இது. தஞ்சை மாவட்டத்தைப் போலவே மேடுபள்ளம் இல்லாத நிலம். வாய்க்கால்களும் நிறைய உண்டு. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே வாய்க்கால் வெட்டியது தண்ணீரை வெளியேற்றுவதற்காக. தண்ணீர் வரவில்லை என்று அண்டை மாநிலத்தின் மீது வழக்குப் போடும் சுகம் இவர்களுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு மாவட்ட நிர்வாகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெர்மன் அரசுக் கடிதங்களில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழிலும் அப்படித்தான் என்றாலும், தமிழில் எந்த அரசும் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. வினைச்சொல் வந்து சேரும்வரை நம்மைப் பாராட்டப் போகிறார்களா, கைது செய்யப் போகிறார்களா என்பது தெரியாது. கடைசியில் விஷயம் இதுதான்: புதிதாக நிறுவியிருக்கும் காற்றாலையின் இறக்கை நிழல் குளிர்கால மாலைகளில் என் சன்னலின் மீது விழக்கூடும். அது சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டினால் ஆலை தானாகவே நின்றுவிடும். எனக்கு ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

நான் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் தந்தையின் நிழல் பெரிய மனிதர்கள் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் காலையில் தெருவின் மேற்கு ஓரமாகவும் மாலையில் கிழக்கு ஓரமாகவும் நடந்தவர். அவருடைய மகனின் தேநீர்க் கோப்பை மீது நிழல் விழுந்துவிடுமோ என்று ஓர் அரசாங்கம் கவலைப்படுகிறது. ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பினேன். தாராள மனம் கொண்டவன் என்ற பெயரை மலிவாகச் சம்பாதிக்கும் வாய்ப்பு எப்போதும் வருவதில்லை.

அதே வாரத்தில்தான் ஊரிலிருந்து அந்தப் புகைப்படம் வந்தது.

அனுப்பியவள் மலர்க்கொடி. என் தங்கை பாக்கியத்தின் மகள். எங்கள் ஊராட்சியின் துணைத் தலைவர். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, புது ஆற்றுத் தண்ணீர் எட்டியும் எட்டாமலும் கிடக்கிற ஊர் எங்களுடையது. படத்தில் ஒரு பெரிய பலகை இருந்தது. மேலே, ‘சூரிய மின் பண்ணை’. அதன் கீழே, ‘பசுமை ஆற்றல், வட்டார வளர்ச்சி, தொழிலாளர் நலன்’. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில்: ‘பண்ணையாட்கள் தேவை. உள்ளூர்ப் பெண்களுக்கு முன்னுரிமை.’

கூடவே மலர் எழுதியிருந்தாள்: “மாமா, பாத்தீங்களா? ஒருத்தி கூட மனு போடல.”

2

பலகையின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரின் மேட்டு நிலம் முழுவதும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தின் பேரன் இப்போது சென்னையில் இருக்கிறார். நிலத்தை ஒரு மின் நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டுவிட்டார். விளைநிலத்தில் கண்ணாடி நடலாமா என்று மலர் ஊராட்சிக் கூட்டத்தில் கேட்டாள். ‘அது மேடு, நெல் விளையாத நிலம்’ என்று பதில் வந்தது. நெல் விளையாத அந்த மேட்டில் கடலை விளைந்தது. எங்கள் கீழத்தெருப் பெண்கள் பெரும்பாலோர் களை எடுத்தும் கடலை பறித்தும் பிழைத்தது அங்கேதான். குத்தகைப் பணம் சென்னைக்குப் போயிற்று. கடலை போயிற்று. கூலியும் போயிற்று.

ஆறுதலாக அரசு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. கண்ணாடித் தகடுகளைக் கழுவ, புல் வெட்ட, காவல் காக்க உள்ளூர் ஆட்களையே முதலில் எடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் உள்ளூரில் யாரும் முன்வராவிட்டால், ஒப்பந்தக்காரர் மூலம் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்துகொள்ளலாம். ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே தகரக் கொட்டகை போட்டுத் தயாராக இருக்கிறார் என்றாள் மலர். நிறுவனம் அரசுக்கு அனுப்பிய குறிப்பில், ‘உள்ளூர் மக்களுக்கு வேலையில் ஆர்வம் இல்லை’ என்று இருந்ததாம்.

ஆர்வம் இல்லாமல் இல்லை. அந்தப் பலகையின் கீழே போய் நிற்கத்தான் யாருக்கும் கால் வரவில்லை. கீழத்தெருவில் பிறந்த எவரும் அந்தச் சொல்லுக்கு மனு போட மாட்டார்கள். சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ‘ஃபார்ம்’ என்றால் பண்ணை, ‘ஃபார்ம் வொர்க்கர்’ என்றால் பண்ணையாள் என்று மொழிபெயர்த்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவராகவும் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பில் விழுந்து எழுந்தவன் என்ற முறையில் அவர்மீது எனக்கு ஓரளவு அனுதாபமும் உண்டு. ஜெர்மன்காரர்கள் காற்றாலைத் தொகுதியைப் பண்ணை என்று சொல்வதில்லை. ‘விண்ட்பார்க்’ என்பார்கள். நான் இங்கே காற்றாலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்பொறியியல் பட்டம் பெற்றவனாயினும், ‘பார்க்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தனலட்சுமியை அழைத்துக்கொண்டு, தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு, அந்தப் பூங்காவைப் பார்க்கக் கிளம்பினேன். பட்டுப்புடவை கட்டி வந்தவள் முழங்கால் சேற்றில் நின்றாள். சுற்றிலும் செம்மறியாடுகள். தலைக்கு மேலே இறக்கைகள் உறுமிக்கொண்டிருந்தன.

“பார்க்குன்னீங்களே, எங்கங்க உக்கார்றது?” என்றாள்.

அது தொழில்துறைக் கலைச்சொல் என்று விளக்கினேன்.

“அப்ப அந்தக் கலைச்சொல் மேலயே உக்காந்து சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். அவளுடைய செருப்புகளில் ஒன்று இன்னும் அந்த விண்ட்பார்க்கில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஹென்னிங் மாடு வளர்ப்பவர். குடிவந்த புதிதில் என் தந்தை என்ன தொழில் செய்தார் என்று விசாரித்தார். பண்ணையில் இருந்தார் என்றேன். எத்தனை ஹெக்டேர் என்றார். மிகப் பெரியது என்றேன். அன்றிலிருந்து ஹென்னிங் தொப்பியைத் தொட்டுத்தான் எனக்கு வணக்கம் சொல்கிறார். பண்ணை யாருடையது என்று அவர் கேட்கவில்லை; கேட்காத கேள்விக்கு விடை தருவது என் வழக்கமல்ல.

3

எங்கள் ஊரில் பண்ணை என்பது நிலத்தை மட்டும் குறிக்கும் சொல் அல்ல. நிலத்துக்கு உரியவரையும் அதே சொல்லால் குறிப்போம். ‘பண்ணை வருது’, ‘பண்ணை சாப்பிட்டுத் தூங்குது’ என்று அஃறிணையில் சொல்வதே மரியாதை. பண்ணைக்கு உட்பட்டவர் பண்ணையாள். என் தந்தையும் அவருடைய தந்தையும் பண்ணையாட்கள். நான் இதை அச்சில் எழுதுவது இதுவே முதல் முறை.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த காலத்தில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது. வெளியேற்றினால் அதிகாரி முன்னிலையில் காரணம் சொல்ல வேண்டும். அதுவரை அடித்தால் கேட்பாரில்லை; ஆனாலும் கோடையில் வேலை இல்லாத நாட்களில் கஞ்சிக்கு நெல் கிடைத்துவிடும். குடியிருக்க இடம், பொங்கலுக்குத் துணி, களத்தில் அளந்து விடும் நெல் என்று சில வழக்கங்கள் இருந்தன. இப்போது அந்த வழக்கங்களுக்குப் பின்னால் சட்டமும் வந்து நின்றது.

பண்ணை சட்டத்தை மீறவில்லை. சட்டத்தை மதிக்கும் குடும்பம் அது. ஒருநாள் பண்ணையின் கணக்குப்பிள்ளை எல்லோரையும் களத்தில் கூட்டினார்.

“இனிமே யாரையும் பண்ணையாள்னு கூப்புடக் கூடாதுன்னு அய்யா உத்தரவு. அந்த வார்த்தையே அசிங்கம். இன்னைலேருந்து நீங்க எல்லாரும் அன்னாடக் கூலி. வேணுங்கறப்ப கூப்புடுவோம், வேணுங்கறவன் வரலாம்” என்றார்.

என் தந்தை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தார். “அந்தப் பேரு போச்சு புள்ள” என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கோடை வந்தது. கூப்பிட ஆள் வரவில்லை. நெல்லும் வரவில்லை. பேர் போகும்போது தனியாகப் போகவில்லை, கூடவே எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு போய்விட்டது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பண்ணையாளை வெளியேற்றக் கூடாது என்றது சட்டம். பண்ணையாள் என்று ஒருவருமே இல்லாத ஊரில் யாரை வெளியேற்றுவது?

பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். செங்கொடி வந்தது, கூலிப் போராட்டம் வந்தது. சென்னையில் ஆட்சி கைமாறிக் கறுப்புச் சிவப்புக் கரை வேட்டிகள் வந்தன. நில உச்சவரம்பு இறங்கியது. பண்ணையின் நிலம் மாமன் மச்சான் பெயர்களுக்கெல்லாம் பிரிந்தது. பண்ணை வீட்டு நாயின் பெயரிலும் பட்டா உண்டு என்று ஊரில் சொல்வார்கள். நாய் இறந்தபோது வாரிசுச் சான்றிதழ் எப்படி வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் குடிசை இருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்று ஆட்சி எழுதிக் கொடுத்தது. அதைக் கொடுக்க வந்த அமைச்சர் சங்ககாலத்தில் தொடங்கினார். அவர் சோழர்களை எட்டுவதற்குள் என் தந்தை மேடைக்குக் கீழே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஆனால் பட்டாவைப் பிடித்த கை தளரவில்லை. அந்த ஆட்சியை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அந்த மனையும், என்னைப் படிக்க வைத்த மாணவர் விடுதியும் அது கொடுத்தவை. கிண்டல் செய்யும் படிப்பையும் அதுவேதான் கொடுத்தது.

4

புகைப்படத்தைப் பார்த்த அன்றே நான் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘வரலாற்றின் வடுக்களைச் சுமந்த ஒரு சொல்லை’ என்று தொடங்கும் நல்ல கடிதம். அந்தச் சொல்லை உடனே நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாற்றுச் சொற்களும் பரிந்துரைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் காணொளி அழைப்பில் தங்கைக்கும் மலருக்கும் அதைப் படித்துக் காட்டினேன். ஊரில் எல்லோரும் என்னை ‘நீங்க’ என்பார்கள். பாக்கியம் மட்டும் ‘நீ’ என்பாள். செங்கொடிச் சங்கத்தில் பல வருடம் கத்திய தொண்டை அவளுடையது.

“அண்ணே, முடிஞ்சிடுச்சா, இன்னும் இருக்கா?”

“இன்னும் ஒரு பத்தி இருக்கிறது.”

“நல்லா இருக்கு. எங்க சங்கத்துல இத வாசிச்சா கூட்டம் தானா கலைஞ்சிடும், போலீசு வேண்டாம்.”

“அம்மா, சும்மா இரும்மா” என்றாள் மலர். “மாமா, பண்ணைக்குப் பதிலா என்னா போடச் சொல்லிருக்கீங்க?”

“‘பூங்கா’ என்று ஒரு பரிந்துரை.”

“பூங்கான்னு போட்டா நம்ம புள்ளைங்க சறுக்குமரம் எங்கன்னு கேக்கும்.”

நான் மேற்கொண்டு வாதிடவில்லை. அந்தத் துறையில் எனக்கு முன் அனுபவம் இருந்தது.

அப்போது என் மகள் கயல்விழி தோளுக்குப் பின்னால் வந்து நின்று பலகையின் படத்தைப் பார்த்தாள். இங்கேயே பிறந்தவள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அங்கே தொழிலாளர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சொற்களைத் தனக்குத் தோன்றிய இடத்தில் உடைப்பாள்.

“பண்ணை… ஆள். அப்பா, பண்ணையை ஆள்றவங்களா? இது பெரிய போஸ்ட்டா?”

 பாக்கியம் சிரித்த சிரிப்பில் கைப்பேசி கீழே விழுந்து, வெகுநேரம் எங்களுக்கு ஓட்டுக்கூரைதான் தெரிந்தது.

மகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தாத்தா ‘விவசாயத்தில் இருந்தார்’ என்பதோடு நின்றிருந்த வரலாற்றைக் களம், கணக்குப்பிள்ளை, கோடைவரை நீட்டினேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. அவளுடைய தொழிலாளர் குழு மூளை வேறு இடத்துக்குப் போயிற்று.

“அப்படின்னா பண்ணையாள் பெர்மனென்ட். கூலிதான் கான்ட்ராக்ட். உங்க பண்ணை பேரை மாத்தி எல்லாரையும் கான்ட்ராக்ட் ஆக்கிட்டார். எங்க ஃபேக்டரியில இதையே ஆளை வாடகைக்கு விடுற கம்பெனி வச்சுச் செய்றாங்க. இப்போ இந்தக் கம்பெனி தானா பழைய பேரை எழுதி வச்சிருக்கு. நீங்க ஏன் அப்பா அழிக்கச் சொல்றீங்க?”

எதிர்முனையில் சிரிப்பு நின்றது.

“அண்ணே,” என்றாள் பாக்கியம், குரல் மாறியிருந்தது. “அந்தக் கடுதாசிய அனுப்பிட்டியா?”

“இல்லை.”

“அனுப்பாத. கயலு, ஒன் வாய்க்குச் சக்கரை போடணும்டி.”

எனக்கு அது உவப்பாக இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். என் தந்தை மகிழ்ச்சியோடு இறக்கி வைத்த சொல்லை அவருடைய மகளே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதா? சொன்னேன். “அப்பா எறக்கி வெச்சாரு, சரி. பட்டினியில்ல கெடந்தாரு?” என்றாள் பாக்கியம்.

மறு வாரம் ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டம். மலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததால் நானும் கலந்துகொண்டேன். பாதி நேரம் யாரோ ஒருவரின் தோள்துண்டைத்தான் பார்த்தேன். நிறுவனத்தின் திட்ட மேலாளர் வந்திருந்தார். மரியாதை தெரிந்த இளைஞர். பலகையின் வாசகத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தயாராகவே வந்திருந்தார். பாக்கியம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“தம்பி, போர்டை மாத்த வேணாம். நாங்க எல்லாரும் பண்ணையாளா வர்றோம். மனு இதோ இருக்கு.”

“ரொம்ப சந்தோஷம்மா. தப்பா எடுத்துக்குவீங்களோன்னு பயந்தேன்.”

“என்னா தப்பு? பண்ணையாளுக்கு உண்டானத மட்டும் குடுத்துடுங்க.”

“என்னம்மா உண்டானது?”

“வருசம் பூரா வேல. மழ வருது, வெயில் இல்லன்னு நிப்பாட்டக் கூடாது. தொரத்தணும்னா ஆபீசர் முன்னால வந்து காரணம் சொல்லணும். பொங்கலுக்குச் சேல. கல்யாணம், சாவுன்னா ஒத்தாசை. அப்பறம் அறுப்புல களத்துல அளந்து விடணும்.”

“இங்க ஏதும்மா அறுப்பு?”

“கரண்டு அறுக்குறீங்கல்ல?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேலாளரும் சிரித்துவிட்டார். “கரண்டை எப்படிம்மா மரக்கால்ல அளக்குறது?”

“மீட்டர் வச்சிருக்கீங்கல்ல, அதுல அளந்து விடுங்க. எங்க தெருவுல லைட்டு எரியல.”

“அம்மா, இது வெறும் டிரான்ஸ்லேஷன் மிஸ்டேக்குமா.”

“தம்பி, நாங்க அத நம்பித்தான் மனு போட்டிருக்கோம். பெரிய கம்பெனி, எழுதுனத மாத்திப் பேச மாட்டீங்க” என்றாள் பாக்கியம். இவ்வளவு பணிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. கீழத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மனுவை மேசையில் வைத்தார்கள். ஒவ்வொரு மனுவிலும் கேட்கும் வேலை என்ற இடத்தில் ‘பண்ணையாள்’ என்றே எழுதியிருந்தது.

‘உள்ளூர் மக்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று இனி அரசுக்கு எழுத முடியாது.

5

அதன் பிறகு நடந்ததை மலர் அவ்வப்போது தெரிவித்தாள். தலைமை அலுவலகத்தின் வழக்கறிஞர் அந்தச் சொல்லைக் கண்டு பதறினாராம். அந்தச் சட்டம் இன்று யாருக்குப் பொருந்தும், பொருந்தாது என்பது எனக்கும் தெரியாது. அவருக்கும் உறுதியாகத் தெரியாததே எங்களுக்கு உதவியது. ஒப்பந்தக்காரர் வழியாகப் ‘பணியாளர்’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பெண்கள் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு ஒப்பந்தக்காரர் வேண்டுமானால் அந்தச் சொல்லும் இருக்கட்டும். அந்தச் சொல் வேண்டாம் என்றால் ஒப்பந்தக்காரரும் வேண்டாம். இதையே வேறு வேறு குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசி தாண்டியது. கண்ணாடித் தகடுகளில் புழுதி ஏறியது. புழுதி ஏறினால் மின்சாரம் குறையும் என்பது கொள்கை அறிக்கைகளில் இல்லாவிட்டாலும் அறிவியல் உண்மை. இறுதியில் மனு போட்டவர்களை நிறுவனம் நேரடியாக, தன் பெயரிலேயே, நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒப்பந்தக்காரர் தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனார்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. அறுப்பில் பங்கு இல்லை. தெருவுக்கு நான்கு விளக்குகள் வந்தன, அவற்றில் மூன்று எரிகின்றன. பொங்கலுக்குச் சேலைக்குப் பதிலாக மினுமினுக்கும் மஞ்சள் மேலங்கி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் பெண்கள் வரிசையாக நடந்துபோவதைப் பார்த்தால் சாமந்தித் தோட்டம் புறப்பட்டு வருவது போல இருக்கிறது என்று பாக்கியம் சொன்னாள். அவளுடைய மனுவை வயது காரணமாகத் தள்ளிவிட்டார்கள். அதிகாரி முன்னால் வந்து காரணம் சொல்லச் சொல்கிறாள்.

ஹென்னிங் ஒருநாள் வேலியோரம் நின்று, உங்கள் தந்தையின் பண்ணையில் சூரிய மின்சாரம் எடுக்கிறார்களாமே என்று கேட்டார், கயல் சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்றேன். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். எங்கள் குடும்பத்துப் பெண்கள்தான், பெரிய நிலம், நிறைய ஆட்கள் தேவை என்றேன். அவர் தொப்பியை முழுவதுமாகக் கழற்றினார். நானும் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

நேற்று பாக்கியம் அழைத்தாள். பலகையை மாற்றி எழுதிவிட்டார்களாம். ‘சூரிய மின் நிலையம்’ என்று மேலே இருக்கிறது. கீழே சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் வெள்ளை பூசியிருக்கிறார்கள்.

“ஒரே பூச்சு பூசிட்டுப் போயிட்டான் அண்ணே. காலைல பாத்தா ஒண்ணும் தெரியல. வெயில் ஏறினா உள்ளேருந்து செவப்பா தெரியுது.”

“மேலாளரிடம் சொல்லி இன்னொரு பூச்சு பூசச் சொல்” என்றேன்.

“எதுக்கு? கெடக்கட்டும்” என்றாள். “என்னைக்காவது அவங்களுக்கு மறந்துபோனா, மத்தியான நேரமா பாத்துக் கூட்டியாந்து காமிக்கலாம்.”